ஈருருவப் பூஞ்சைகளில் உருமாற்றத் தடுப்பு

ஈருருவப் பூஞ்சைகள் சூழலுக்கேற்ப உருண்டை ஈஸ்ட் செல்களாகவோ நீண்ட இழைகளாகவோ வளர்பவை. இம்மாற்றத்துக்குத் துணைபுரியும் நொதிகளை முடக்கி நோயைக் கட்டுப்படுத்தும் முயற்சியே உருமாற்றத் தடுப்பு.

மனிதரில் வாய் வெண்படலம் உண்டாக்கும் பூஞ்சையை லாங்கன்பெக் 1839இல் கண்டார்; ‘கேண்டிடா’ என்ற பேரினப் பெயர் 1923இல் பெர்க்அவுட் இட்டது. உருமாற்றத்தை ஒரு நொதியோடு இணைத்துப் பார்த்த தொடக்ககால ஆய்வுகளுள் நிக்கர்சனும் பால்கோனும் 1956இல் வெளியிட்டது குறிப்பிடத்தக்கது. 1986இல் மெடாஃப் குழுவினர் பாதரசச் சேர்மம் ஒன்றால் ஹிஸ்டோபிளாஸ்மா என்ற ஈருருவப் பூஞ்சையின் இழைகள் ஈஸ்டாக மாறுவதை நிரந்தரமாகத் தடுத்தனர். அச்சேர்மம் கந்தகத் தொகுதிகள் பலவற்றைத் தாக்கக்கூடியது என்பதால் அதை ஒரு நொதிக்கான தடுப்பானாகக் கொள்வது கடினம்.

இந்தியாவில் புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் இத்துறை வளர்ந்தது. அங்கு ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட பெஞ்சமினியெல்லா பாய்ட்ராசி நோய் தராத பூஞ்சை. 37 டிகிரியில் ஈஸ்டாகவும் 28 டிகிரியில் இழையாகவும் வளரும். கேண்டிடா அல்பிகான்ஸின் போக்கு இதற்கு நேர்மாறு: ரத்த ஊனீரில் 37 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் செல்லின் பக்கத்தில் மெல்லிய முளைக்குழல் நீளும், மருத்துவமனை ஆய்வகங்கள் இதைக் கொண்டே அதை அடையாளம் காண்பதுண்டு. கேல், சீனிவாசன், தேஷ்பாண்டே ஆகியோர் 1992இல் பெஞ்சமினியெல்லாவில் குளூட்டமேட் டிஹைட்ரஜனேஸ் நொதியின் இரு வகைகளுக்கிடையிலான (என்ஏடி சார்ந்தது, என்ஏடிபி சார்ந்தது) விகிதம் உருமாற்றத்தோடு சேர்ந்து மாறுவதாகக் காட்டினர். ஈஸ்டாகவே நின்றுவிட்ட மரபுப்பிறழ்வு வகைகளும் இந்த ஆய்வுக்குப் பயன்பட்டன. 2013இல் என்ஏடி சார்ந்த வகை தூய்மையாகப் பிரிக்கப்பட்டது: நான்கு ஒத்த துணையலகுகள், மொத்தம் 371 கிலோடால்டன். பித்த அமிலத்தையும் பீட்டா லாக்டத்தையும் பிணைத்து ஆய்வகத்தில் உருவாக்கிய இரு சேர்மங்கள் நொதியை அடக்கின. அவற்றுள் ‘பி20’ எனக் குறிக்கப்பட்டது கேண்டிடாவிலும் யாரோவியா என்ற மற்றொரு ஈருருவப் பூஞ்சையிலும் முளைக்குழலை நிறுத்தியது.

நோய்க்கு இழை வடிவமே காரணமா என்பது விவாதத்துக்குரியது. இழையாக இயலாத கேண்டிடா எலிகளில் கொல்லும் திறனை இழந்ததாக 1997 ஆய்வு கூறினாலும், அதில் நீக்கப்பட்ட மரபணுக்கள் வேறு பணிகளையும் ஆள்பவை. பெரும்பாலும் ஈஸ்டாகவே வாழும் கேண்டிடா கிளப்ராட்டாவும் ரத்தத்தில் பரவுகிறது. ஹிஸ்டோபிளாஸ்மாவில் உடலுக்குள் வாழ்வது ஈஸ்ட் வடிவமே.

2001இல் கேண்டிடா தானே சுரக்கும் பார்னெசால் என்ற சேர்மம் இழையாக்கத்தைத் தடுப்பது தெரியவந்தது. 2020இல் புனே குழு என்ஏடிபி சார்ந்த குளூட்டமேட் டிஹைட்ரஜனேஸ் நொதிகளையும் மருந்து இலக்காக ஆராய்ந்தது.