டாலர் கடனும் யூரோ கடனும்

பொறியியல் முடித்த பிள்ளையை மேற்படிப்புக்கு வெளிநாடு அனுப்ப நினைக்கும் தமிழ்நாட்டுக் குடும்பத்துக்கு அமெரிக்கா பழைய ஆசை, ஜெர்மனி புதிய யோசனை. "அங்கே ஃபீஸே கிடையாதாம்" என்ற ஒரே பேச்சோடு ஒப்பீடு முடிந்துவிடுகிறது. வாங்கும் கடன் பிள்ளையை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

அமெரிக்காவில் இரண்டாண்டு எம்.எஸ். படிக்கக் கட்டணம், வாடகை, சாப்பாடு எல்லாம் சேர்த்து 40 லட்சம் ரூபாய் என்பது சிக்கனக் கணக்குதான். இவ்வளவு பெரிய தொகைக்கு அரசு வங்கி வீட்டுப் பத்திரத்தைக் கேட்கும். பத்திரம் கேட்காத தனியார் நிதி நிறுவனம் வட்டியைக் கூட்டும். 11 சதவீத வட்டியில் பத்தாண்டுத் தவணை என்றால் மாதம் சுமார் 55,000 ரூபாய். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி தனி. சென்னையில் கிடைக்கும் முதல் சம்பளத்தில் இது கட்டுப்படியாகாது. ஆக, கையெழுத்துப் போடும் அன்றே, டாலரில் சம்பாதித்தே தீரவேண்டும் என்பதும் முடிவாகிவிடுகிறது. படிப்பு முடிந்தபின் வேலை பார்க்க ஓபிடி என்ற அனுமதி 12 மாதம். அறிவியல், தொழில்நுட்பப் படிப்பென்றால் இன்னும் 24 மாதம். அதற்குள் எச்-1பி வேலை விசாவுக்கான குலுக்கலில் பெயர் விழ வேண்டும். ஆண்டுக்கு 85,000 இடம்தான். வீட்டை அடமானம் வைத்துக் குலுக்கலில் கலந்துகொள்வதை முதலீடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மாணவரிடமும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. 2005-ல் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் வழிவிட்ட பிறகு சில மாநிலங்கள் செமஸ்டருக்கு 500 யூரோ வரை விதித்துப் பார்த்தன. எதிர்ப்பு வலுக்கவே ஒவ்வொன்றாகக் கைவிட்டன. கடைசியாக 2014-ல் கீழ் சாக்சனியும் விட்டது. ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் கட்டணம் விதிக்கிறது. கதவு முழுசாகத் திறந்திருக்கிறது என்று நம்பிப் போகக்கூடாது.

ஆனால் விசாவுக்காக ஓராண்டுச் செலவுக்கென 11,904 யூரோவை வங்கியில் முடக்கிக் காட்ட வேண்டும். யூரோவை 100 ரூபாயாக வைத்தால் ஏறக்குறைய 12 லட்சம். இதற்கும் பலர் கடன்தான் வாங்குகிறார்கள். ஆனால் இந்தப் பணம் கல்லூரிக்குப் போகாது. மாதம் 992 யூரோவாக மாணவர் கைக்கே வந்து வாடகையும் சாப்பாடுமாகக் கரையும். ஆண்டுக்கு 140 முழு நாள் வேலை பார்க்க அனுமதி உண்டு. சிறிய ஊராக இருந்தால் இரண்டாம் ஆண்டை அந்தச் சம்பளத்திலேயே பெரும்பாலும் ஓட்டிவிடலாம். மியூனிக் வாடகைக்கு அது போதாது. 12 லட்சத்துக்கு அதே வட்டி, அதே தவணைக் காலம் என்றால் மாதம் சுமார் 16,500 ரூபாய். வேலை கிடைக்காமல் கோயம்புத்தூருக்கே திரும்பி வந்தாலும் கட்டிவிடக்கூடிய தொகை.

ஜெர்மனி தன் விலையை வேறு வகையில் வாங்கிக்கொள்கிறது. ஆங்கிலத்திலேயே பட்டம் வாங்கிவிடலாம். வேலைக்குப் பெரும்பாலும் ஜெர்மன் மொழி வேண்டும். படிப்புக்குப் பின் வேலை தேடக் கிடைக்கும் 18 மாதத்தில் மொழியை முதல் எழுத்திலிருந்து தொடங்கினால் திண்டாட்டம்தான். நுங்கம்பாக்கம் மாக்ஸ் முல்லர் பவனில் முன்கூட்டியே ஜெர்மன் வகுப்பில் சேர்ந்து பி1, பி2 என்று நிலை நிலையாக ஏறுகிறவர்கள்தான் விவரமானவர்கள். அரசுப் பல்கலைக்கழகத்தை விட்டுவிட்டு, கன்சல்டன்சி பேச்சைக் கேட்டுக் கட்டணம் வாங்கும் தனியார் கல்லூரியில் சேர்ந்தால், ஜெர்மனியிலும் அமெரிக்கக் கடனே வந்து சேரும்.

அமெரிக்காவிலும் கடனில்லாத பாதை ஒன்று உண்டு. பொறியியல், அறிவியல் துறைகளில் பிஎச்.டி. மாணவர்களுக்குப் பெரும்பாலும் கட்டணத்தைப் பல்கலைக்கழகமே ஏற்று, மாத உதவித்தொகையும் தருகிறது. ஐந்தாறு ஆண்டு ஆய்வில் உட்காரப் பொறுமை இருக்கும் பிள்ளைக்கு, மேலே போட்ட 40 லட்சக் கணக்கு பொருந்தாது.