ஆசிரியரே பதிப்பாளராக: தமிழ் நூல் வெளியீட்டு வரலாற்றில் ஒரு கிளை

நம் இலக்கிய வட்டத்தின் மாதக் கூட்டம் நடைபெறும் அறையில், வாயிலை ஒட்டி ஒரு சிறு மேசை உண்டு. கூட்டத்திற்கு வருவோர் தாம் புதிதாக வெளியிட்ட நூல்களின் படிகளை அதன்மேல் வைப்பது இந்தப் பத்தாண்டுகளில் வழக்கமாகிவிட்டது. நாவல், சிறுகதைத் தொகுதி, ஊர் வரலாறு, தன்வரலாறு என அவை பலதிறத்தன. முதல் தாளைப் புரட்டினால் ‘வெளியீடு: ஆசிரியர்’ என்றிருக்கும், அல்லது மனைவி மக்கள் பெயரால் அமைந்த ஒரு பதிப்பகத்தின் பெயர் இருக்கும். அவற்றைக் கையிலெடுப்போர் சிலரது முகத்தில் ஓர் இளநகை அரும்புவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். பதிப்பகத்தார் ஏற்காத நூல் என்பது அந்நகையின் பொருள். தமிழில் நூல்கள் அச்சேறி வந்த வரலாற்றை அறிந்தோர் அவ்வாறு நகைக்க இயலாது.

அச்சகம் நடத்துவதற்கிருந்த தடைகள் 1835இல் நீங்கிய பின்னரே அச்சுப்பொறி நம்மவர் கைக்குப் பரவலாக வந்தது. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1849இல் சென்னைக்கு வந்து அச்சுப்பொறி வாங்கிச் சென்று வண்ணார்பண்ணையில் நிறுவினார். எழுதியவர் அவர், அச்சிட்டவர் அவர், தாம் நடத்திய பள்ளியில் அந்நூல்களைப் பாடமாக வைத்தவரும் அவரே. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்டபோது அவருக்குப் பின்னே பெரும் பதிப்பகம் எதுவும் இருக்கவில்லை. நூல் வெளிவருமுன்னரே வாங்குவோரிடம் கையொப்பம் பெற்று, விடுமுறைகளில் சென்னைக்கு வந்து அச்சுத்தாள் திருத்தி, பொருள் போதாதபோது அன்பர்களின் வாயிலை நாடி அப்பணியை முடித்தார். அவர் செய்தது பதிப்புப் பணி, படைப்புப் பணியன்று என்று கூறலாம். எனினும் நூலை உலகிற்குக் கொணரும் பொருட்சுமையையும் ஒருவரே சுமந்தார் என்ற வகையில் இரண்டும் ஒன்றே.

இவ்வரலாற்றில் நான் நின்று நோக்க விரும்புவது பாரதியாரின் முயற்சியை. 1907இல் அவருடைய பாடல்கள் சிலவற்றை வி. கிருஷ்ணசாமி ஐயர் 15,000 படிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கச் செய்தார். அரசியலில் மிதவாதியான அவர் தீவிரவாதியின் பாடல்களைப் பரப்பியது தனியே எழுதத்தக்க செய்தி. அடுத்த ஆண்டில் பாரதியார் ‘ஸ்வதேச கீதங்க’ளை நூலாக வெளியிட்டார். எனினும் அவரது வெளியீட்டுக் கனவின் முழு அளவை 1920இல், கடையத்தில் இருந்தபோது அவர் வகுத்த திட்டத்திலேயே காண்கிறோம். தம் கையெழுத்துப் படிகளை நாற்பது நூல்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் பதினாயிரம் படிகள், ஆக நான்கு லட்சம் படிகள் அச்சிட வேண்டும் என்பது திட்டம். இதற்கு முதலீடாக நண்பர்கள் ஒவ்வொருவரும் குறைந்தது நூறு ரூபாய் கடனாகத் தர வேண்டும் எனக் கேட்டார். மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டியும் முத்திரை ஒட்டிய கடன் பத்திரமும் தருவதாக எழுதினார். தீப்பெட்டியும் மண்ணெண்ணெயும் போலத் தம் நூல்கள் தமிழகத்தில் விலைபோகும் என்பது அவர் நம்பிக்கை.

இதனைக் கவிஞரின் கணக்கறியாமை என்று கூறிப் புன்னகையோடு கடந்து செல்வோர் உளர். நான் அவ்வாறு கருதவில்லை. மலிவு விலை, பெரும் எண்ணிக்கை, எளிய வடிவு என்னும் மூன்றையும் இணைத்து எண்ணிய அந்தத் திட்டத்தில் வணிக அறிவு தெளிவாகவே உள்ளது. இல்லாதது முதலும், நான்கு லட்சம் படிகளை ஊர்தோறும் கொண்டு சேர்க்கும் வழியும். 1921 செப்டம்பரில் அவர் மறைந்தார். அவருடைய நூல்களை வெளியிடும் பொறுப்பு முதலில் செல்லம்மாவின் தோள்மீது விழுந்தது. 1922இல் பாரதி ஆச்ரமத்தின் பெயரால் அப்பணி தொடங்கியது. அரசு அவர் நூல்களின் உரிமையைப் பெற்ற 1949ஆம் ஆண்டிற்குப் பின்னரே அவர் எண்ணிய அளவில் படிகள் மக்களைச் சென்றடைந்தன.

பாரதியாரால் இயலாததை அவர் மறைந்த சில ஆண்டுகளில் ஒரு பெண் செய்து காட்டினார். வை.மு. கோதைநாயகி அம்மாள் 1901இல் பிறந்தவர். ஐந்தரை வயதில் மணம் முடிக்கப்பெற்றவர். பள்ளிக் கல்வி பெறாதவர். முதற்படைப்பான நாடகத்தை அவர் வாய்மொழியாகச் சொல்ல, தோழியொருவர் எழுதினார் என்பர். 1925இல் ‘ஜகன்மோகினி’ இதழை ஏற்று, தம் நாவலை அதில் தொடராக வெளியிட்டார். தொடர் முடிந்ததும் அது நூலாகும். இதழின் சந்தாதாரரே நூலின் முதல் வாசகர். பின்னர் சொந்த அச்சகமும் அமைந்தது. 115 நாவல்கள் இவ்வாறு வெளிவந்தன. 1932இல் சிறை சென்றபோதும் அவர் எழுத்து நிற்கவில்லை.

அவர் நாவல்கள் எல்லாம் இலக்கியத் தரம் உடையன என்று வாதிட நான் முன்வரவில்லை. தற்செயல் நிகழ்ச்சிகள் மிகுதி. நீதி கூறும் ஆர்வம் கதையை நெரிப்பதும் உண்டு. ஆயினும் நாவல் வரலாறு எழுதியோரிற் பலர் அவரை ஒரு வரியில் ஒதுக்கிச் சென்றபோது, அவர் ஆக்கிய வெளியீட்டு முறையையும் சேர்த்தே ஒதுக்கினர். எழுத்து, அச்சு, வாசகர் என்னும் மூன்றையும் ஒரே கையில் வைத்திருந்த எழுத்தாளர் தமிழில் மிகச் சிலரே. அவரினும் மூத்தவரான அ. மாதவையா 1922இல் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, சொந்த அச்சகமும் ‘பஞ்சாமிர்தம்’ இதழும் தொடங்கினார். 1925இல் அவர் திடீரென மறைந்ததால் அம்முயற்சி வேர்விடுமுன்னே நின்றது.

சி.சு. செல்லப்பாவின் வழி வேறு. 1959 சனவரியில் ‘எழுத்து’ இதழைத் தொடங்கியபோதே இரண்டாயிரம் படிகளுக்குமேல் அச்சிடுவதில்லை என்று வரையறுத்தவர் அவர். பெருங்கூட்டம் வேண்டா, பொருந்திய வாசகர் போதும் என்பது அவர் கொள்கை. ‘வாடிவாசல்’ எழுத்து வெளியீடாகவே வந்தது. ‘புதுக்குரல்கள்’ தொகுதி 1962இல் வந்தது. புதுக்கவிதைக்கு இன்று பாடத்திட்டத்தில் இடம் உண்டு. அன்று அத்தொகுதியை மூட்டையாகக் கட்டித் தோளில் சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றவர் அதன் பதிப்பாசிரியரே. கல்லூரியில் கற்பிப்பவள் என்ற முறையில், அம்மூட்டையை எத்தனை தமிழ்த் துறைகள் அவிழ்க்கச் சொல்லிப் பார்த்திருக்கும் என எண்ணும்போது எனக்குக் கூச்சமே மிகுகிறது. 1997இல், எண்பத்தைந்தாம் அகவையில், ‘சுதந்திர தாகம்’ நாவலின் மூன்று பாகங்களையும் அவர் தாமே வெளியிட்டார். மறு ஆண்டு மறைந்தார். சாகித்திய அக்காதெமி விருது 2001இல் அந்நாவலைத் தேடி வந்தது. யாழ்ப்பாணத்தில் டொமினிக் ஜீவா 1966 முதல் ‘மல்லிகை’யைக் கையில் ஏந்தித் தெருத்தெருவாக விற்று வளர்த்ததும் இவ்வகையினதே.

தோளில் மூட்டை சுமக்க இயலாத ஆசிரியர்க்கு நெடுங்காலம் கைகொடுத்தது நூலக ஆணை. 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் வீட்டுவரியோடு நூலக வரியையும் பெற வழிசெய்தது. அவ்வருவாயிலிருந்து நூல்கள் வாங்கப்பட்டன. ஆயிரம் படிகள் அச்சிட்டுப் பெரும்பகுதியை நூலகத்திற்கு அளித்தால் போட்ட பணம் திரும்பும் என்பது ஆசிரியர் பலரின் கணக்கு. ஆணை கிடைக்காத ஆண்டில் கட்டுகள் கட்டிலுக்கு அடியில் சென்று சேரும். அன்றிருந்த நிலை இன்று மாறிவிட்டது. தேவைக்கேற்ப ஐம்பது படிகளும் அச்சிடலாம். 2016 திசம்பர் முதல் அமேசானின் கிண்டிலில் தமிழ் நூலை ஆசிரியரே ஏற்றி விற்கவும் இயல்கிறது. கட்டிலுக்கடியில் இப்போது இடம் காலியாக உள்ளது. ஆனால் நூல் எங்கே உள்ளது?

இவ்வினா வெறும் சொல்லலங்காரமன்று. நான் அறிந்த ஓய்வுபெற்ற பள்ளியாசிரியர் ஒருவர் தம் ஊரின் வரலாற்றை எழுதி நூறு படிகள் அச்சிட்டார். சொற்பிழைகள் மலிந்த நூல்தான். ஒரு பகுதியில் பக்க எண்களும் இடம் மாறியுள்ளன. ஆனால் அவ்வூர் ஏரியின் மதகுகளுக்கும் வாய்க்கால்களுக்கும் வழங்கிய பெயர்களை, அவற்றைச் சொல்லக்கூடிய முதியோர் உயிரோடு இருந்தபோதே கேட்டுப் பதிந்தவர் அவர் ஒருவரே. என் மாணவி ஒருத்தி தன் ஆய்வுக்காக அந்நூலைத் தேடியபோது எந்த நூலகத்திலும் கிடைக்கவில்லை. ஆசிரியர் காலமாகியிருந்தார். அவர் மகள் வீட்டில் எட்டுப் படிகள் எஞ்சியிருந்தன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் சிறு வெளியீடுகளைப் பற்றி நாம் இன்று ஓரளவேனும் அறிவதற்கு 1867ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு காரணம். அச்சாகும் ஒவ்வொரு நூலின் படியும் அரசிடம் ஒப்படைக்கப்பட வேண்டும் என்று அது விதித்தது. காலாண்டுதோறும் பட்டியல்கள் வெளிவந்தன. அச்சட்டத்தின் இடத்தில் 2023இல் நிறைவேறிய புதிய சட்டம் பருவ இதழ்களை மட்டுமே கொண்டது; நூல்கள் அதில் இல்லை. பட்டியலில் இருந்தும் படி கிட்டாத நூல்கள் பல, கோட்டையூர் ரோஜா முத்தையா போன்ற தனி மனிதரின் சேகரிப்பால் பிழைத்தன. விளம்பரப் பலகை எழுதும் தொழிலைச் செய்த அவர் திரட்டியவற்றைக் கொண்டே 1994இல் சென்னையில் அவர் பெயரால் ஆய்வு நூலகம் அமைந்தது.

1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டம் இன்னும் நடைமுறையில் உள்ளது. வெளியிடப்பெறும் நூலின் படியைக் கொல்கத்தா தேசிய நூலகத்திற்கும் சென்னைக் கன்னிமாரா உள்ளிட்ட வேறு மூன்று நூலகங்களுக்கும் பதிப்பாளர் தம் செலவில் அனுப்ப வேண்டும். ஆசிரியரே வெளியிடும்போது அவரே பதிப்பாளர், கடமையும் அவருடையதே. நம் மேசையில் நூல் வைத்த நண்பர்கள் பலரிடம் கேட்டேன். அத்தகைய சட்டம் ஒன்று உண்டென்பதையே பெரும்பாலோர் அறிந்திருக்கவில்லை. கோதைநாயகிக்கு இதழ் இருந்தது. செல்லப்பாவுக்குத் தோள் இருந்தது. இவர்களுக்கு வாய்த்தது அச்சிடும் எளிமை மட்டுமே. பிழை திருத்துவோர், மதிப்புரை எழுதுவோர், படியைக் காப்போர் என ஒருவரும் உடன் இல்லை.

மேற்கூறிய எட்டுப் படிகளுள் நான்கினை அப்பெண்மணி மனமுவந்து தந்தார். கன்னிமாராவுக்கும் கொல்கத்தாவுக்கும் ஒவ்வொன்றும், ரோஜா முத்தையா நூலகத்திற்கு ஒன்றும் அஞ்சலில் அனுப்பினோம். நான்காவது படி நம் வட்டத்தின் நிலைப்பேழையில், மேல்தட்டில் உள்ளது. பிழைகளைப் பென்சிலால் திருத்தியிருக்கிறேன்; பக்கங்களின் சரியான வரிசையை உள்ளட்டையில் குறித்து ஒட்டியிருக்கிறேன்.