கசிந்ததால் கேட்டது - செல்போனும் காது மெஷினும்

டெலிபோனுக்குக் காப்புரிமை வாங்கிய கிரகாம் பெல்லின் அம்மாவுக்குக் காது சரியாகக் கேட்காது. மனைவி மேபெல், ஐந்து வயதில் வந்த காய்ச்சலில் கேட்கும் திறனையே இழந்தவர். 1876-ல் உலகத்தையே பேச வைத்த அந்தக் கருவியில் மேபெல்லால் மட்டும் ஒரு வார்த்தைகூடக் கேட்க முடியாது. (சைகை மொழி வேண்டாம்னு மல்லுக்கட்டியதும் இதே பெல்தான். அது தனிப் பதிவுக்கான சமாச்சாரம்.)

அப்புறம் காது மெஷின் வந்தது. ஆனால் ரிசீவரை மெஷினுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாலே 'கீ...'ன்னு விசில். இதிலிருந்து தப்பிக்கிற வழி கிடைத்தது தற்செயலாகத்தான். பழைய ரிசீவர்களுக்குள் ஒரு கம்பிச்சுருள் உண்டு. சத்தத்தோடு சேர்த்துக் கொஞ்சம் காந்தப்புலமும் வெளியே கசியும். யாரும் திட்டமிட்டு வைத்தது இல்லை. மெஷினுக்குள்ளும் ஒரு குட்டிச் சுருளை வைத்தால் அந்தக் கசிவைப் பிடித்து மறுபடி ஒலியாக்கிவிடும். அதுதான் டெலிகாயில். மைக் அணைந்திருப்பதால் விசில் கிடையாது, சுற்றியிருக்கும் இரைச்சலும் கிடையாது. காதுக்குப் பின்னால் மாட்டுகிற பழைய மெஷின்களில் ஓ, டி, எம்னு ஒரு ஸ்விட்ச் இருக்குமே, அந்த 'டி' இதுதான்.

பிறகு இஞ்சினியர்கள் ரிசீவரை மேம்படுத்தினார்கள். கசிவு குறைந்தது. அவர்கள் கண்ணுக்கு அது முன்னேற்றம். அமெரிக்கப் பொதுத்தொலைபேசிகளில் அந்தப் புது ரிசீவர் ஏறியதும், 'டி'யில் போட்டுக் காத்திருந்தவர்களுக்கு நிசப்தம்.

1970-களில் மேரிலாந்தைச் சேர்ந்த டேவிட் சாக்ஸ் என்பவர் 'தொலைபேசிப் பயன்பாட்டுக்கான அமைப்பு' என்று ஒன்றைத் தொடங்கிப் போராடினார். அதன் ஆங்கிலப் பெயரைச் சுருக்கினால் 'அவுட்' என்று வரும். வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்குப் பொருத்தமான பெயர்! இப்படிப்பட்ட போராட்டங்களுக்குப் பிறகு 1982-ல் ஒரு சட்டம் வந்தது. காசு போடும் போன், அவசர போன் போன்றவையெல்லாம் காது மெஷினோடு ஒத்துப்போக வேண்டும். 1988-ல் இன்னொரு சட்டம், அநேகமாக எல்லா போனுக்கும். ஒரு பழைய கசிவைக் காப்பாற்ற நாடாளுமன்றம் வரைக்கும் போக வேண்டியிருந்தது, பாருங்க.

அந்த 1988 சட்டத்தில்தான் ஒரு ஓட்டை. செல்போனுக்கு விலக்கு! அன்றைக்கு அது பணக்காரர்களின் செங்கல், யார் கவலைப்பட்டார்கள்? பத்து வருஷத்தில் நிலைமை தலைகீழ். அதிலும் ஜிஎஸ்எம் போன் தொடர்ச்சியாக அலை அனுப்பாது. விநாடிக்குச் சுமார் 217 தடவை விட்டு விட்டு அனுப்பும். ரேடியோ பக்கத்தில் செல்லை வைத்தால், அழைப்பு வருவதற்கு முன்னாடியே 'டுடுக் டுடுக் டர்ர்ர்'ன்னு கேட்குமே, நம்ம எல்லார் வீட்டிலும் கேட்ட சத்தம்தான். காதுக்குள்ளேயே ஒரு ஒலிபெருக்கியை மாட்டியிருக்கிறவருக்கு அது எப்படி இருந்திருக்கும்னு யோசிங்க.

2003-ல்தான் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் அந்த விலக்கை நீக்கியது. பதினைந்து வருஷம்! அதற்கப்புறம் போன் பெட்டிகளில் எம்3, டி3, எம்4, டி4 என்று மதிப்பெண் வர ஆரம்பித்தது. எம் என்றால் மைக்கில் வைத்துப் பேசும்போது இரைச்சல் எவ்வளவு குறைவு என்பது. டி என்றால் டெலிகாயிலோடு எவ்வளவு ஒத்துப்போகும் என்பது. 3 தேறும், 4 நல்லது. 2019 தரநிலையில் இந்த எண்களும் போய்விட்டன. பொருந்தும், பொருந்தாது, அவ்வளவுதான்.

சமீபத்தில் பெரியப்பாவுக்குப் போன் வாங்கப் போனபோது கடைப் பையனிடம் இதைக் கேட்டேன். கேமரா எத்தனை மெகாபிக்சல்னு சொன்னான் :-) பாவம், அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? பெரியப்பாவின் பிரச்சினை கேமரா இல்லை. பேங்கிலிருந்து போன் வந்தால் பேரனிடம் கொடுத்து "என்ன சொல்றான், கேளுடா" என்று நிற்கிறார். முப்பது வருஷம் கணக்கு எழுதிய மனுஷர்.

இப்போது குட்டி மெஷின்கள் பலவற்றில் டெலிகாயிலே இல்லை. புளூடூத்தை நம்பியிருக்கின்றன. அதிலும் குழப்பம்: ஆப்பிள் 2012-ல் அறிவித்தது ஒரு வழி, ஆண்ட்ராய்டு பிறகு கொண்டுவந்தது வேறு வழி, 2020-ல் அறிவிக்கப்பட்ட எல்ஈ ஆடியோ மூன்றாவது. உங்கள் மெஷின் எதைப் பேசும் என்று தெரியாமல் போன் வாங்கக் கூடாது. மெஷினை மாட்டிக்கொண்டே கடைக்குப் போய், யாரையாவது கூப்பிடச் சொல்லிக் கேட்டுப் பார்த்துவிடுவது உத்தமம். 2024 அக்டோபரில் அதே அமெரிக்க ஆணையம், அங்கே விற்கிற எல்லா செல்போன் மாடலும் காது மெஷினோடு ஒத்துப்போக வேண்டும் என்று முடிவெடுத்தது, கால அவகாசத்தோடு.

பெரியப்பாவிடம் இருப்பது 'டி' ஸ்விட்ச் உள்ள பழைய மெஷின். மாற்ற மாட்டேன் என்கிறார். அதோடு நன்றாகக் கேட்கிற மாடல் எதையாவது வீட்டில் பயன்படுத்துகிறீர்களா? பின்னூட்டத்தில் சொல்லுங்க மக்களே, புண்ணியமாப் போகும்.