பெரியவங்களுக்கு வெறும் சளி... கைக்குழந்தைக்கு மூச்சுத்திணறல்! ஆர்.எஸ்.வி வைரஸை எப்படிக் கவனிப்பது?

டிசம்பர் 31-ம் தேதி திருத்தணி மலையில் படித் திருவிழா. 365 படிகளுக்கும் பூஜை நடக்க, தமிழ்நாடு, ஆந்திரா ரெண்டு பக்கத்திலிருந்தும் கூட்டம் அலைமோதும். பக்கத்துல நிக்கிறவர் தும்மினா யாரும் கண்டுக்க மாட்டோம். ஆனா, கைக்குழந்தையோட வர்றவங்க கண்டுக்கணும். மழையும் பனியும் அடுத்தடுத்து வரும் இந்த மாதங்களில்தான் ஆர்.எஸ்.வி எனப்படும் ரெஸ்பிரேட்டரி சின்சிஷியல் வைரஸும் சுற்றும்.

இது புது வைரஸ் இல்லை. 1956-ல் அமெரிக்காவில் சளி பிடித்த சிம்பன்சிகளிடம் முதலில் கண்டுபிடித்தார்கள். அடுத்த ஆண்டே குழந்தைகளிடமும் இருப்பது தெரிந்தது. 2 வயதுக்குள் கிட்டத்தட்ட எல்லாக் குழந்தைகளையும் ஒருமுறையாவது தொட்டுவிடும். நமக்கும் வரும், மூக்கொழுகலோட போய்டும்.

பிரச்னை, முதல் 6 மாதங்களில்தான். பச்சைக்குழந்தையின் நுரையீரலுக்குள் காற்று போகும் கடைசிக் குழாய்கள் மிக மிக மெல்லியவை. அவை கொஞ்சம் வீங்கி, சளியும் அடைத்தால் பாதை மூடிக்கொள்ளும். டாக்டர்கள் 'ப்ராங்கியோலைடிஸ்' என்பது இதைத்தான். நம்ம வீட்டுப் பாட்டிகள் பாஷையில், இளைப்பு.

2019-ம் ஆண்டுக்கான உலகளாவிய மதிப்பீட்டின்படி, 5 வயதுக்குட்பட்ட சுமார் 36 லட்சம் குழந்தைகள் ஆர்.எஸ்.வி-யால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். ஒரு லட்சத்துக்கும் மேல் உயிரிழப்பு. அதில் 45 சதவிகிதம் 6 மாதம்கூட நிரம்பாத சிசுக்கள். இறப்புகளில் 97 சதவிகிதம் இந்தியா போன்ற நடுத்தர, ஏழை நாடுகளில். வைரஸ் எல்லா ஊரிலும் ஒண்ணுதான். ஆக்ஸிஜன் எவ்வளவு சீக்கிரம் கிடைக்குதுங்கிறதுலதான் வித்தியாசம்.

அதனால, வீட்டிலேயே மூச்சை எண்ணக் கத்துக்கோங்க. குழந்தை அழாமல் அமைதியா இருக்கும்போது, சட்டையை விலக்கி, மொபைல்ல ஒரு நிமிட டைமர் வைங்க. 2 மாதத்துக்குள் உள்ள குழந்தைக்கு நிமிடத்துக்கு 60, அதற்கு மேல் ஒரு வயது வரை 50, இதைத் தொட்டாலே டாக்டரிடம் போகணும். விலா எலும்புக்குக் கீழே உள்வாங்குவது, மூக்கு விரிவது, முனகல், பால் குடிக்க முடியாமல் விடுவது, உதடு நீலம் பாய்வது, நடுநடுவே மூச்சு நிற்பது... இதில் எது தெரிந்தாலும் காத்திருக்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள். மூச்சு விடுவதை ஒரு சின்ன வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டினால் உதவியா இருக்கும். குறைமாதக் குழந்தை, இதயக் குறைபாடு உள்ள குழந்தை என்றால் இன்னும் உஷார்.

வைரஸ் என்பதால் ஆன்டிபயாடிக் இதற்கு வேலை செய்யாது. 'ஊசி போட்டாதான் சரியாகும்'னு டாக்டரை நச்சரிக்காதீங்க. ஆக்ஸிஜன், நீர்ச்சத்து, மூக்கடைப்பை நீக்குவது, இவைதான் சிகிச்சை. மூக்கில் எண்ணெய் விடுவது, நெஞ்சில் கற்பூரத் தைலம் தேய்ப்பது, நாக்கில் தேன் தடவுவது மூணுமே ஆபத்து. குளிப்பாட்டியதும் சாம்பிராணி காட்டும் வழக்கமும்தான். பாட்டி கோபிச்சுக்குவாங்க, பரவாயில்ல. இளைக்கிற நுரையீரலுக்குப் புகை ஆகவே ஆகாது, அது சிகரெட்டா இருந்தாலும் சரி, விறகடுப்பா இருந்தாலும் சரி.

வைரஸ் கைகள் வழியாகவும் பரவும். குழந்தை பார்க்க வர்ற சொந்தக்காரங்க சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். சளி இருந்தா முத்தம் வேண்டாம். எல்.கே.ஜி படிக்கிற அண்ணனோ அக்காவோதான் பல வீடுகளில் வைரஸைக் கொண்டுவர்றாங்க. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. மொட்டை நேர்த்திக்கடனைக் கூட்டமில்லாத நாளுக்குத் தள்ளிவெச்சா முருகன் கோவிச்சுக்க மாட்டார்.

தடுப்பு வழியும் வந்தாச்சு. கர்ப்பகாலத்தின் கடைசி மாதங்களில் தாய்க்குப் போடும் தடுப்பூசிக்கு 2023-ல் அமெரிக்காவும் ஐரோப்பாவும் அனுமதி அளித்தன. பிறந்த குழந்தைக்கு ஒரே டோஸாகப் போடும் 'நிர்செவிமாப்' என்ற எதிர்ப்பணு ஊசியும் உண்டு. இரண்டில் ஒன்றை எல்லா நாடுகளும் கொண்டுவர வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அரசின் இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் ஆர்.எஸ்.வி இன்னும் இடம்பெறவில்லை. கர்ப்பமாக இருப்பவர்கள் அடுத்த செக்கப்பில், இவை இங்கே கிடைக்குமா, என்ன செலவாகும் என்று டாக்டரிடம் கேட்டுவையுங்கள்.