மணிக்கு 22 சென்ட்: ஒரு தொண்டு நிறுவனத்தின் கூலிக் கணக்கு



போன வாரம் அமெரிக்காவில் இருக்கும் என் பழைய மாணவி ஒருத்தி ஒரு படம் அனுப்பியிருந்தாள். கம்பளிச் சட்டை ஒன்று. "சார், குட்வில் கடையில ஆறு டாலருக்கு வாங்கினேன். இந்தக் காசு மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை கொடுக்கப் போகுதாம். நல்ல விஷயம்தானே?" என்று கேட்டிருந்தாள். கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் பொம்மையைப் போட்டுவிட்டு நகர்ந்திருக்கலாம். ஆனால் இந்தக் கேள்விக்குப் பின்னால் நூறு ஆண்டுக்கும் மேலான ஒரு வழக்கு இருக்கிறது. நீளமான பதிவுதான், பொறுமையாகப் படியுங்கள்.

1902இல் பாஸ்டன் நகரின் ஏழைகள் குடியிருப்பில் எட்கர் ஹெல்ம்ஸ் என்ற மெதடிஸ்ட் பாதிரியார் தொடங்கிய வேலை இது. பணக்கார வீடுகளுக்குச் சாக்குப் பையோடு போய்ப் பழைய துணிகளையும் சாமான்களையும் வாங்கி வருவார். வேலையில்லாத ஏழைகளும் புதிதாய்க் குடியேறியவர்களும் அவற்றைத் தைத்து, சரிசெய்து, விற்பார்கள். விற்ற பணத்தில் அவர்களுக்குக் கூலி. பிச்சை வேண்டாம், ஒரு வாய்ப்புக் கொடு என்பதே அவருடைய கொள்கை. பின்னாளில் குட்வில் என்று பெயர் பெற்று, அமெரிக்கா முழுக்கப் பரவி, மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை தரும் பெரிய நிறுவனங்களில் ஒன்றாக அது வளர்ந்தது. ஹெல்ம்ஸின் எண்ணத்தில் எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

சிக்கல் சட்டத்தில் தொடங்குகிறது. 1938இல் அதிபர் ரூஸ்வெல்ட் நியாயமான தொழிலாளர் தரநிலைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். குழந்தைத் தொழிலாளர் முறைக்குக் கட்டுப்பாடு, கூடுதல் நேர வேலைக்கு ஒன்றரை மடங்கு கூலி, மணிக்குக் குறைந்தது 25 சென்ட் கூலி என்று பெரிய மாற்றங்கள் அதில் இருந்தன. அதே சட்டத்தின் 14ஆவது பிரிவு ஒரு விலக்கையும் வைத்தது. வயதாலோ, உடல் மனக் குறைபாட்டாலோ உழைக்கும் திறன் குறைந்தவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுக்கலாம். அதற்கு அரசிடம் ஒரு சான்றிதழ் வாங்கினால் போதும். இன்று அதை 14(சி) என்கிறார்கள். சட்டம் போட்டவர்களைக் கொடியவர்கள் என்று சொல்ல மாட்டேன். முழுக் கூலி கொடுக்கச் சொன்னால் இவர்களை யாருமே வேலைக்கு எடுக்க மாட்டார்கள் என்ற பயம் அவர்களுக்கு இருந்தது.

இந்தக் கூலியை எப்படிக் கணக்கிடுகிறார்கள் தெரியுமா? குறைபாடு இல்லாத ஒருவர் ஒரு மணி நேரத்தில் எத்தனை துணியை ஹாங்கரில் மாட்டுகிறார் என்று கடிகாரம் வைத்து அளப்பார்கள். பிறகு மாற்றுத்திறனாளியை நிறுத்தி அளப்பார்கள். அவர் நூறு மாட்டினார், இவர் இருபது மாட்டினார் என்றால், அந்த வட்டாரத்தில் அந்த வேலைக்கு உள்ள கூலியில் ஐந்தில் ஒரு பங்கு இவருக்கு. மணிக்கணக்கில் கூலி வாங்குபவருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி சோதனை. அன்று உடம்பு சரியில்லை என்றால் கூலி இறங்கலாம். நம்மில் எத்தனை பேருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்டாப் வாட்ச் வைத்துச் சம்பளம் போட்டார்கள்? எனக்குப் போட்டிருந்தால் மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய வகுப்புகளில் நான் கடன்காரனாகியிருப்பேன்!

எதிர்ப்பு முதலில் பார்வையற்றவர்களிடமிருந்தே வந்தது. 1940இல் ஜேக்கோபஸ் டென்புரோக் என்ற பார்வையற்ற சட்ட அறிஞர் தலைமையில் பார்வையற்றோர் தேசியக் கூட்டமைப்பு தொடங்கப்பட்டது. அவர்கள் பல ஆண்டுகள் போராடினார்கள். 1966இல் சட்டம் திருத்தப்பட்டு, இந்தக் கூலி குறைந்தபட்சக் கூலியில் பாதிக்குக் கீழே போகக் கூடாது என்று ஒரு வரம்பு வந்தது. அதிலும் சில விலக்குகள் இருந்தன. 1986இல் அந்த வரம்பையே எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அடித்தளமே கிடையாது. ஒரு சென்ட் என்றாலும் கணக்குச் சரியாக இருந்தால் சட்டப்படி சரி.

நீதிமன்றங்களிலும் இது பல வடிவங்களில் வந்தது. எல்லா வழக்குகளின் அடியிலும் ஒரே கேள்விதான்: இங்கே வேலை செய்பவர் தொழிலாளியா, பயிற்சி பெறும் பயனாளியா? 1982இல் சின்சினாட்டியில் பார்வையற்றோர் சங்கம் நடத்திய பணிமனை பற்றிய வழக்கில், அவர்கள் தொழிலாளிகளே, தொழிற்சங்கம் அமைக்கலாம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 1991இல் வர்ஜீனியாவின் டைட்வாட்டர் வட்டார குட்வில் பற்றிய வழக்கில் தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் நேர்மாறாகச் சொன்னது: அங்கே நடப்பது முதன்மையாக மறுவாழ்வுப் பணி, ஆகவே அவர்கள் தொழிற்சங்கச் சட்டப்படி தொழிலாளிகள் அல்லர். ஒருவர் கையில் ஊசி இருக்கிறது, முன்னால் துணி இருக்கிறது, தைத்தது விற்கிறது. ஆனால் அவரை எந்தப் பெயரால் அழைக்கிறோம் என்பதைப் பொறுத்து அவருடைய உரிமை மாறிவிடுகிறது.

2012இல் பார்வையற்றோர் கூட்டமைப்பு குட்வில்லைப் புறக்கணிக்கச் சொல்லி அழைப்பு விடுத்தது. அடுத்த ஆண்டு என்பிசி தொலைக்காட்சி ஆவணங்களோடு ஒரு செய்தி வெளியிட்டது. 2011இல் பென்சில்வேனியாவில் குட்வில் ஊழியர் சிலருக்கு மணிக்கு 22 சென்ட், 38 சென்ட், 41 சென்ட் என்று கொடுத்திருந்தார்கள். அப்போது சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி 7 டாலர் 25 சென்ட். நான் வரலாற்று ஆசிரியன் ஆயிற்றே, அந்த 22ஐப் பார்த்ததும் எனக்கு 1938 நினைவுக்கு வந்தது. ரூஸ்வெல்ட் காலத்தில் வைத்த அடிமட்டக் கூலியே 25 சென்ட். எழுபத்து மூன்று ஆண்டு கழித்து அதற்கும் மூன்று சென்ட் கீழே!

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் நல்ல ஆசிரியன் இல்லை. அப்போது குட்வில்லின் தேசியத் தலைவராக இருந்த ஜிம் கிப்பன்ஸும் பார்வையற்றவர். இந்தச் சான்றிதழ் இல்லாவிட்டால் கடுமையான குறைபாடு உள்ளவர்களுக்கு வேலையே இருக்காது என்று அவர் வாதிட்டார். அறிவுத்திறன் குறைந்த பிள்ளைகளின் பெற்றோர் பலரும் அதையே சொன்னார்கள். "என் மகனுக்குக் காசு முக்கியமில்லை. காலையில் கிளம்பிப் போக ஓர் இடமும் நான்கு நண்பர்களும் வேண்டும். அதை மூடிவிட்டால் அவன் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்." இந்தக் கவலையைக் கேலி செய்ய யாருக்கும் உரிமை இல்லை. நான் போன பிறகு இவனை யார் பார்ப்பார்கள் என்று படுக்கையில் புரளும் தாய்மார்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

ஆனால் அந்தப் பயத்துக்கு ஒரு பதில் வெர்மான்ட் மாநிலத்தில் இருக்கிறது. அங்கே இப்படிப்பட்ட கடைசிப் பணிமனையை 2002இலேயே மூடிவிட்டார்கள். மூடிவிட்டுக் கைவிடவில்லை, சாதாரணக் கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை தேடிக்கொடுத்து, கூடவே நின்று பழக்க ஆட்களை அமர்த்தினார்கள். பிறகு நியூ ஹாம்ப்ஷைர், மேரிலாந்து, அலாஸ்கா என்று பல மாநிலங்கள் குறைகூலியை ஒழித்தன. 2001இல் நாடு முழுக்க 4,24,000 பேர் இந்தக் கூலியில் இருந்தார்கள் என்று அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பு கணக்கிட்டது. 2019இல் அது சுமார் 1,20,000 ஆகக் குறைந்துவிட்டது. 2024 டிசம்பரில் மத்திய அரசு இதை மூன்று ஆண்டில் முழுவதும் நிறுத்த ஒரு விதியை முன்மொழிந்தது. ஆட்சி மாறியதும் 2025 ஜூலையில் அந்த முன்மொழிவு திரும்பப் பெறப்பட்டது. 14(சி) இன்னும் உயிரோடு இருக்கிறது.

என் வகுப்பில் படித்த பார்வையற்ற மாணவன் ஒருவனை உங்களில் சிலர் மறந்திருக்க மாட்டீர்கள். பொதுத் தேர்வில் அவன் சொல்ல எழுத ஒருவர் உட்கார்ந்தார், கூடுதல் நேரமும் கிடைத்தது. மெதுவாக எழுதினாய், ஆகவே வாங்கிய தொண்ணூறில் முப்பதுதான் தருவேன் என்று எந்தத் திருத்துநரும் சொல்லவில்லை. தொழிற்சாலை வேறு, தேர்வு வேறு என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான், அங்கே நேரத்துக்கு ஒருவர் காசு கொடுக்க வேண்டும். அந்தக் காசை யார் கொடுப்பது என்பதுதான் கேள்வி. சமூகமாகச் சேர்ந்து கொடுக்கலாம், அரசு மானியமாகக் கொடுக்கலாம். 1938இலிருந்து இன்றுவரை, நம் எல்லோரிலும் குறைவாக வைத்திருப்பவர் தன் கூலியிலிருந்து அதைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

எனவே அம்மா, சட்டை வாங்கியது தப்பில்லை. குட்வில் ஒவ்வொரு வட்டாரத்திலும் தனித்தனி அமைப்பு. முழுக் கூலி கொடுப்பவையும் அதில் நிறைய உண்டு. 14(சி) சான்றிதழ் வைத்திருப்பவர்களின் பட்டியலை அமெரிக்கத் தொழிலாளர் துறையே வெளியிடுகிறது. உன் ஊர்க் கடையின் பெயர் அதில் இருக்கிறதா என்று ஒருமுறை பார். இருந்தால், அடுத்த மூட்டை பழந்துணியைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது ஏன் என்று மரியாதையாகக் கேள். வகுப்பில் நீ கேட்காத கேள்வியா?

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்