ஐந்தாவது பெட்டி

பதிவு போட்டுக் கனநாளாச்சு. தீசிஸ் வேலை எண்டு சொல்லித் தப்பலாம், ஆனா உண்மை சோம்பல்தான் :-) போன ஞாயிறு எங்கட குசினி மேசையில நடந்த வாக்குவாதத்தை மட்டும் எழுதாமல் இருக்க ஏலேல்லை.

நான் இருக்கிறது மில்லிக்கனில, பெரியப்பா வீட்டு பேஸ்மென்டில. மேல பெரியப்பா, அக்கா, அத்தான், அவையின்ர மகள். மருமகளுக்குச் செப்டம்பரில ஸ்காபரோ கம்பஸ் தொடங்குது. முதல் செமஸ்டருக்கு ஐந்து பாடம் தெரிவு செய்ய வேணும். உயிரியல், வேதியியல், கல்குலஸ், உளவியல் எண்டு நாலு பெட்டியும் சண்டையில்லாமல் நிரம்பிட்டுது. ஐந்தாவதில பிள்ளை வானியல் எண்டு போட்டிட்டுது.

"நட்சத்திரம் எண்ணி என்ன வேலை எடுக்கிறது? கம்ப்யூட்டர் போடு" எண்டார் பெரியப்பா.

"எனக்கு விருப்பம், அம்மப்பா."

"விருப்பத்துக்கே கம்பஸ் போறது?"

நான் வரலாறு படிக்கிறவன் எண்டபடியால் ரெண்டு பேரும் தீர்ப்புக்கு என்னைப் பார்த்திச்சினம். அங்க வாயை மூடிக்கொண்டு இருந்திட்டு இங்க எழுதுறன்.

விருப்பத்துக்குப் பாடம் எடுக்கிறது உண்மையில் புதுப் பழக்கம்தான். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரைக்கும் அமெரிக்கக் கல்லூரிகளில் லத்தீன், கிரேக்கம், கணக்கு என்று பெரும்பாலும் எல்லாருக்கும் ஒரே பந்திதான். இலையில வைச்சதைச் சாப்பிட வேணும். 1869இல் ஹார்வர்டின் தலைவராக வந்த சார்ல்ஸ் எலியட் இதை மாற்றினார். அவர் ஒரு வேதியியல்காரர், வயது 35. புதிதாக வளர்ந்துகொண்டிருந்த அறிவியல் பாடங்களுக்கு இடம் வேண்டுமென்றால் பழைய கட்டாயங்கள் விலக வேண்டும். 40 வருடம் பதவியில் இருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினார். 1890களின் கடைசியில் முதல் வருட ஆங்கிலக் கட்டுரைப் பாடத்தைத் தவிர மிச்சமெல்லாம் மாணவரின் தெரிவு. என்ன நடந்திருக்கும் எண்டு உங்களுக்கே தெரியும். கன பெடியள் லேசான பாடங்களாப் பாத்துப் பொறுக்கிச்சினம். 1909இல் அடுத்த தலைவராக வந்த லோவல், ஒரு துறையில் ஆழம், மற்றத் துறைகளில் கொஞ்சம் கொஞ்சம் என்று திரும்பவும் கயிறு கட்டினார்.

டொராண்டோ பல்கலைக்கழகம் இன்னும் கனகாலம் பொறுத்திருந்தது. இங்கே பெருமைக்குரியது ஹானர்ஸ் கோர்ஸ். ஆரம்பத்திலேயே துறையைத் தெரிந்துவிட்டால், அதற்குப் பிறகு என்ன படிக்க வேண்டும் என்பது பெரும்பாலும் முன்கூட்டியே எழுதி வைத்தது. அரசியல் தத்துவப் பேராசிரியர் சி. பி. மக்பேர்சன் தலைமையில் ஒரு குழு 1967இல் அறிக்கை கொடுத்தது. ஹானர்ஸ், ஜெனரல் என்று மாணவரைப் பிரிப்பது வேண்டாம் என்றது. 1969இல் புதிய திட்டம் வந்தது. பிறகு இங்கேயும் கயிறு வந்தது. ஸ்பெஷலிஸ்ட், மேஜர், மைனர் எல்லாம் அந்தக் கயிறுதான்.

இண்டைக்கு ஸ்காபரோவில பட்டத்துக்கு 20 கிரெடிட். ஒரு செமஸ்டர் பாடம் அரைக் கிரெடிட், ஆக மொத்தம் 40 பெட்டி. ஐந்து வகைகளில் ஒவ்வொன்றிலும் அரைக் கிரெடிட்டாவது எடுக்க வேணும். வானியல் அதுக்கும் உதவாது, ஏனெண்டா இயற்கை அறிவியல் வகையை உயிரியலே நிரப்பிப்போடும். சுத்தமான விருப்பம்!

சரி, எங்கட பக்கத்துக்கு வருவம். 1823இல் அமெரிக்க மிஷன் வட்டுக்கோட்டையில் தொடங்கின செமினரியில் தெரிவு என்ற பேச்சே இல்லை. ஆங்கிலம், தமிழ், கணக்கு எல்லாம் ஒரே பாதை. அதில் வானியலும் இருந்தது! ஐரோப்பிய வானியலைக் காட்டினால் பஞ்சாங்கத்தில் பெடியளுக்கு இருக்கிற நம்பிக்கை ஆட்டங்காணும் என்று மிஷனரிமார் கணக்குப் போட்டார்கள். செமினரி 1855இல் மூடப்பட்டது. அங்கே படித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும்தான் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள். தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சில் கொண்டுவந்தார். மிஷன் போட்ட கணக்கில அது இருந்திருக்காது.

பிறகு 1970கள். மருத்துவத்துக்கு நுழைய 400க்குத் தமிழ் மொழி மாணவருக்கு 250, சிங்கள மொழி மாணவருக்கு 229 என்று வெட்டுப்புள்ளி வந்தது. அதற்குப் பிறகு தரப்படுத்தல், 1974இல் மாவட்ட ஒதுக்கீடு. 2001இலிருந்து இசட் புள்ளி. சூத்திரம் மாறிக்கொண்டு போனது, ஆனா ஒண்டு மாறேல்லை. 16 வயசில பயோவோ மட்ஸோ கொமர்ஸோ ஆர்ட்ஸோ எண்டு ஒரு கதவைத் திறக்கிறாய். பிறகு புள்ளிதான் உன்னைத் தெரிவு செய்யும், நீ பாடத்தை இல்லை.

பெரியப்பா 1970இல சோதனை எழுதினவர். தான் எடுத்த புள்ளியை அவர் எங்களுக்கு ஒருநாளும் சொன்னதில்லை. 250, 229 எண்ட ரெண்டு எண்ணையும் மட்டும் சொல்லுவார். ஒரு பெட்டி பிழைச்சா முழு வாழ்க்கையும் பிழைக்கும் எண்டு அவர் நினைக்கிறது பிடிவாதத்தால இல்லை, பட்டதால.

எனக்குள்ளயும் அந்தப் பயம் இருந்தது. இங்க வந்த முதல் செமஸ்டர், எல்லாரும் நல்லது எண்டு சொன்ன ஒரு புள்ளிவிபரப் பாடத்தை எடுத்தன். நாலாம் கிழமை விளங்கிச்சு, எனக்கு ஒண்டும் விளங்கேல்லை எண்டு. ரெண்டு இரவு நித்திரை இல்லை. கடைசியா அந்தப் பாடத்தைக் கைவிட்டன். வானம் இடிஞ்சு விழேல்லை. இங்கத்தைய பாடப்பட்டியலில எனக்குப் பெரிசாப் படுறது தெரிவு செய்யிற சுதந்திரம் இல்லை, பிழையாத் தெரிவு செய்திட்டுத் திரும்பி வாற சுதந்திரம். ஊரில எங்களுக்குக் கிடைக்காதது அதுதான்.

திங்கட்கிழமை பின்னேரம் மில்லிக்கன் பார்க் குளத்தைச் சுத்தி நடக்கேக்க இதையெல்லாம் பெரியப்பாவுக்குச் சொன்னன். எலியட்டும் மக்பேர்சனும் அவருக்குப் பெரிசாப் பிடிபடேல்லை. வட்டுக்கோட்டையில வானியல் படிப்பிச்சது மட்டும் பிடிச்சுது. கொஞ்ச நேரம் பேசாமல் நடந்திட்டுக் கேட்டார்:

"பாடத்தை விடுறதுக்குக் கடைசித் திகதி எப்ப?"

"நவம்பரில, பெரியப்பா."

"அப்ப இருக்கட்டும்."

வீட்டுக்கு வந்ததும் சுவர்க் கலண்டரில நவம்பர் தாளைப் புரட்டிப் பாத்தவர். ஒரு வட்டமும் போட்டு வைச்சிருக்கிறார் :-)

உங்கட முதல் செமஸ்டரில ஐந்தாவது பெட்டியில என்ன இருந்தது? யார் நிரப்பினது? பின்னூட்டத்தில சொல்லுங்கோ.