இல்லாத ஒன்றால் வந்த நோய்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் வேலை பார்த்த சீனர்கள் பெரிபெரியால் கூட்டம் கூட்டமாக மாண்டார்கள். கால் மரத்து, நடை தளர்ந்து, உடல் வீங்கி, இதயம் நின்று முடியும் நோய் அது. அதே வெயிலிலும் மழையிலும் உழைத்த தமிழர்களிடம் அது அரிதாகவே தென்பட்டது. நெகிரி செம்பிலானில் மருத்துவராக இருந்த பிராடன் இதைக் கவனித்து 1907இல் ஒரு நூலே எழுதினார். சீனர்கள் உண்டது ஆலையில் வெள்ளை வெளேரென்று தீட்டிய பச்சரிசி. தமிழர்கள் உண்டது புழுங்கல். நெல்லை ஊறவைத்து அவித்து உலர்த்திக் குத்தும் வழக்கத்தைக் கடல் கடந்த பின்னும் அவர்கள் நாக்கு விடவில்லை. அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயாமின் என்ற சத்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது, பிறகு எவ்வளவு தீட்டினாலும் ஓரளவு தங்குகிறது என்பது இன்று நமக்குத் தெரியும். பிராடனுக்குத் தெரியாது. பழைய அரிசியில் ஏதோ பூஞ்சை நஞ்சை உண்டாக்குகிறது, அவித்தால் அது ஒழிகிறது என்று அவர் நினைத்தார். விளக்கம் தவறு, ஆனால் எந்த அரிசி கொல்கிறது என்று சுட்டியது சரி. ஒரு நோயின் காரணத்தை அறிவது என்றால் இவற்றில் எதை அறிவது?

இதை முன்னோரின் மருத்துவ அறிவு என்று கொண்டாடத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். உமி சுலபமாகப் பிரியும், குருணை குறையும், அரிசி நாள்பட இருக்கும். இவற்றுக்காகத்தான் நெல் அவித்தார்கள். நரம்பு நோயைத் தடுக்கவென்று யாரும் அவிக்கவில்லை. அதே சென்னை மாகாணத்தின் வடகோடியில், பச்சரிசி உண்ணும் வட சர்க்கார் மாவட்டங்களில் பெரிபெரி நெடுங்காலம் இருந்தது. மருத்துவர் மால்கம்சன் 1835இலேயே சென்னையில் அந்நோயைப் பற்றி நூல் வெளியிட்டார். வழக்கம் காப்பாற்றியது உண்மை. ஏன் காப்பாற்றியது என்பதை அது சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பக்கத்து மாவட்டத்துக்கும் பயன்பட்டிருக்கும்.

ஜாவாவில் டச்சு மருத்துவர் ஐக்மன் பெரிபெரிக்குக் காரணமான கிருமியைத் தேடித்தான் வேலையைத் தொடங்கினார். அது கிருமிக் கொள்கை வென்றிருந்த காலம். நோய் என்றால் வெளியிலிருந்து ஏதோ உள்ளே நுழைய வேண்டும் என்று எல்லோரும் நம்பினார்கள். அவருடைய ஆய்வுக்கூடக் கோழிகள் நோயேற்றியது, ஏற்றாதது என்ற வித்தியாசமின்றிக் கால் தளர்ந்து விழுந்தன. பிறகு தாமாகவே தேறின. ராணுவ ஆஸ்பத்திரிச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைத் தின்றவரை நோய் இருந்தது; புதிதாக வந்த சமையல்காரர் ராணுவச் சோற்றைக் கோழிகளுக்குத் தர மறுத்ததும் நோய் போனது. அறிவியல் வரலாற்றில் அந்தச் சமையல்காரருக்குச் சிலை வைக்கலாம். ஐக்மனின் தூண்டுதலால் மருத்துவர் ஃபோர்டர்மன் ஜாவாவின் 101 சிறைகளைக் கணக்கெடுத்து 1897இல் வெளியிட்டார். தீட்டிய அரிசி போட்ட 51 சிறைகளில் 36இல் பெரிபெரி. தவிடு நீங்காத அரிசி போட்ட 37இல் ஒன்றே ஒன்றில். அப்படியும் ஐக்மன், மாவுச்சத்தில் நஞ்சு பிறக்கிறது, தவிட்டில் அதற்கு முறி இருக்கிறது என்றே விளக்கினார்.

எந்தச் சிறை எதில் வேறுபட்டது என்று கணக்கெடுப்பால் முழுதாகச் சொல்ல முடியாது. கட்டடமும் காற்றும்கூட வேறுபட்டிருக்கலாம். அந்த ஐயத்தைத் தீர்த்தது கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனை. அங்கே மருத்துவர் ஃப்ளெட்சர் நோயாளிகளை ஒருவர் விட்டு ஒருவராக இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெள்ளைப் பச்சரிசியும் மற்றதற்குப் புழுங்கலும் போட்டார். கட்டடத்தின்மேல் பழி விழாதபடி இடையில் இரு பிரிவினரின் இடங்களை மாற்றினார். வெள்ளை அரிசிப் பிரிவில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். புழுங்கல் பிரிவில் ஒருவரும் இல்லை. 1909இல் முடிவை வெளியிட்ட ஆய்வாளர்கள் ஃப்ரேசரும் ஸ்டாண்டனும் நெகிரி செம்பிலான் காட்டில் சாலை போட்ட சுமார் 300 ஜாவானியத் தொழிலாளர்களிடம் இதையே செய்து, பின் அரிசியையும் மாற்றிப் பார்த்தார்கள். நோய் அரிசியோடு இடம் மாறியது. மற்ற எல்லாம் ஒன்றாக இருக்க, ஒன்று மட்டும் மாறி, விளைவும் மாறினால் காரணம் அந்த ஒன்றில்தான் என்று தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில் 1843இல் எழுதியதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடைப்பது கடினம். நஞ்சா, கிருமியா, சத்துக்குறைவா என்ற வழக்கு முடியும் முன்பே எது காரணம் என்ற வழக்கு முடிந்துவிட்டது.

எப்படி என்று சொல்லாமல் எது என்று மட்டும் சொன்னால் அது விளக்கமாகுமா என்று கேட்பார்கள். ஜப்பானைக் காட்டுவார்கள். 1883இல் ரியூஜோ கப்பலில் 376 பேரில் 169 பேருக்கு பெரிபெரி. 25 பேர் இறந்தார்கள். கடற்படை மருத்துவர் தகாகி மறு ஆண்டு அதே வழியில் இன்னொரு கப்பலை வேறு உணவோடு அனுப்பினார். நோயாளிகள் 14 பேர்தான், சாவு இல்லை. கடற்படை அவரை ஏற்றது. ராணுவ மருத்துவர்கள் ஏற்கவில்லை. எழுத்தாளருமான மோரி ஓகாய் அவர்களில் முக்கியமானவர். 1904-05 ரஷ்யப் போரில் ஜப்பான் ராணுவம் சுமார் 27,000 பேரைப் பெரிபெரிக்குக் கொடுத்தது. காரணம் செயல்படும் வழிமுறை தெரியாததால்தானே இந்த அழிவு என்பது வாதம். இதில் பாதிதான் உண்மை. தகாகி இறைச்சி, ரொட்டி, பால் எனப் பலவற்றை ஒரே நேரத்தில் மாற்றினார். புரதக் குறைவே காரணம் என்று தவறாகக் கொண்டார். அவருடைய குறை, மாற்றத்தை ஒற்றையாக்காததில் இருந்தது. மோரியிடமோ ஒரு வழிமுறை தயாராகவே இருந்தது. கிருமி என்ற அந்த வழிமுறைதான் கண்முன் இருந்த வித்தியாசத்தை மறைத்தது.

வழிமுறை வீண் என்று இதற்குப் பொருளில்லை. அது எட்டாத இடத்துக்கு எட்ட வைக்கிறது. ஐக்மனின் இடத்துக்கு வந்த கிரைன்ஸ், அதிக வெப்பத்தில் வேகவைத்த, மாவுச்சத்தே இல்லாத இறைச்சியைக் கோழிகளுக்குக் கொடுத்தும் நோய் வருவதைக் கண்டார். அரிசியிலேயே நஞ்சு என்ற பேச்சு அதோடு விழுந்தது. பச்சைப்பயறு நோயைத் தடுப்பதையும் கண்டு, உணவில் ஏதோ இல்லாமையே நோய் என்று 1901இல் எழுதினார். இல்லாத ஒன்று எப்படிச் செயல்படும் என்ற தயக்கம் ஐரோப்பிய மருத்துவர்களை நெடுநாள் பிடித்திருந்தது. தடை இல்லாமையையும் காரணங்களோடு எண்ணிய நம் நியாயத் தத்துவ நூலார் இதற்கு அவ்வளவு திணறியிருக்க மாட்டார்கள். ஆனால் எண்ணற்ற பொருள்கள் இல்லாதிருக்கின்றனவே, அவையெல்லாம் காரணமா என்ற கேள்வி நியாயமானது. எதைச் சேர்த்தால் நோய் போகிறதோ அதன் இன்மைதான் காரணம் என்பதே பதில். அதைச் சேர்த்துப் பார்க்காமல் அறிய வழியில்லை. 1926இல் ஆய்வாளர்கள் யான்சனும் டோனாத்தும் ஜாவாவிலேயே அந்தச் சத்தைத் தவிட்டிலிருந்து பிரித்தெடுத்தார்கள். 1929இல் நோபல் பரிசை இங்கிலாந்தின் ஹாப்கின்ஸுடன் ஐக்மன் பகிர்ந்துகொண்டார். சரியான விளக்கத்தை முதலில் சொன்ன கிரைன்ஸுக்கு அதில் பங்கில்லை.